கணக்கு வருது, அர்த்தம் வரல: க்வாண்டம் படிக்கிற ஒருத்தரோட கேள்விக்கு

நீங்க கேட்டத முதல்ல என் வார்த்தையில சொல்லிடறேன், சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு நீங்களே பாத்துக்கலாம். எம்எஸ்ஸி ஃபிசிக்ஸ் படிக்கிறீங்க. ஹைட்ரஜன் ஆட்டம், ஹார்மானிக் ஆஸிலேட்டர், பெர்டர்பேஷன் தியரி எல்லாம் போட வருது, மார்க்கும் வருது. ஆனா ஒரு துகளோட நிலைய எழுதற அந்த வேவ் ஃபங்ஷன்னா என்னன்னு வீட்ல தம்பி கேட்டா வாயடைச்சுப் போகுது. க்ளாஸ்ல கேட்டதுக்கு "அதெல்லாம் ஃபிலாசஃபி, நீ கணக்கப் போடு"ன்னு பதில் வந்திருக்கு, யூடியூப் பக்கம் போனா அங்க பல உலகம், மனசுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குதுன்னு வேற மாதிரி ஓடுது. இதுல எது ஃபிசிக்ஸ், எதுக்கு எவ்ளோ நேரம் குடுக்கணும்னு எழுதியிருக்கீங்க. ஆனா அதுக்கு அடியில நீங்க உண்மையில கேக்கறது, கணக்கு மட்டும் போடத் தெரிஞ்ச நான் ஃபிசிக்ஸ் தெரிஞ்சவனா இல்லையாங்கறதுதான்னு எனக்குப் படுது. அதுக்கே பதில் சொல்லப் பாக்கறேன்.

நான் பல வருஷமா காலேஜ்ல க்வாண்டம் மெக்கானிக்ஸ் நடத்திட்டு வர்றேன். அந்தத் தியரியோட அடிப்படைகளப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஆள் இல்ல, அத ஆர்வமா தொடர்ந்து படிக்கிறவன், அவ்ளோதான். அதனால பாடத்துக்குள்ள இருக்கற விஷயத்த உறுதியா சொல்லுவேன், அதத் தாண்டிப் போற இடத்துல இது என் கருத்துன்னு சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.

நீங்க "அர்த்தம்"னு ஒரே பேர்ல சொல்றதுக்குள்ள ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு, முக்கால்வாசி குழப்பம் இது ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கறதாலதான் வருது. முதலாவது, பேப்பர்ல எழுதற ஒவ்வொரு குறியீடும் லேப்ல எதுக்குச் சமம், இந்த ஸ்டேட்ட ரெடி பண்ணி அந்தப் பக்கம் டிடெக்டர் வச்சா என்ன வரும், எது வரவே வராது. இது சுத்தமான ஃபிசிக்ஸ், பாடத்துல வர்ற சோதனைகளப் பொறுத்தவரை இதுல ஃபிசிசிஸ்டுகளுக்குள்ள கருத்து வேறுபாடு கிடையாது, இது தெரியாம டெரிவேஷன் பண்றது பரீட்சைக்கு மட்டும்தான் உதவும். ரெண்டாவது, யாரும் அளக்காதப்போ அந்த எலக்ட்ரான் என்ன பண்ணிட்டு இருக்கு, வேவ் ஃபங்ஷன் வெளியில நிஜமா இருக்கற ஒண்ணா இல்ல நமக்குத் தெரிஞ்சதோட கணக்கா. இதுக்கு 1920-கள்ல ஆரம்பிச்ச சண்டை இன்னிக்கு வரைக்கும் முடியல. க்ளாஸ்ல நீங்க ரெண்டாவதக் கேக்கறீங்க, சிலபஸ் முடிக்கணும்ங்கற அவசரத்துல வாத்தியார் "கணக்கப் போடு"ங்கறார், அந்த ஒரு பேச்சுல முதலாவதும் சேந்து காணாமப் போயிடுது. எனக்கு வருத்தமே இதுலதான்.

முதலாவது வகைக்கு ஒரு உதாரணம், வைவாவுல நான் அடிக்கடி கேக்கறது. ஸ்பின் (துகளுக்கே உரிய, சுழற்சி மாதிரியான ஒரு பண்பு) அரை உள்ள துகள்கள் வர்ற ரெண்டு பீம் இருக்குன்னு வச்சுக்கோங்க. முதல் பீம்ல ஒவ்வொரு துகளும் மேல்-ஸ்பின், கீழ்-ஸ்பின் ரெண்டும் சரிசமமா கூட்டின சூப்பர்பொசிஷன்ல இருக்கு. ரெண்டாவது பீம்ல பாதி துகள் மேல்-ஸ்பின், மீதி பாதி கீழ்-ஸ்பின், பையில சிவப்பு கோலி பாதி நீலக் கோலி பாதி கலந்து வச்ச மாதிரி. ரெண்டுக்கும் வித்தியாசம் என்னன்னு கேட்டா நல்லா மார்க் வாங்கற பிள்ளைங்க கூட "சார், ரெண்டுமே 50-50 தானே"ன்னு சொல்லிடுவாங்க. மேல-கீழ திசையில அளந்தா 50-50 தான், வாஸ்தவம். ஆனா ஸ்பின அளக்கற மேக்னெட்ட 90 டிகிரி திருப்பி பக்கவாட்டுல அளந்து பாருங்க, முதல் பீம் முழுக்க ஒரே பக்கம் போகும், நூத்துக்கு நூறு, ரெண்டாவது பீம் மறுபடியும் 50-50 தான். அந்தச் சூப்பர்பொசிஷனே பக்கவாட்டு திசையில ஒரு திட்டவட்டமான ஸ்டேட், அதனாலதான். இதக் காட்ட ரெண்டு வரி மேட்ரிக்ஸ் கணக்கு போதும், அந்தக் கணக்க எல்லாருமே அசைன்மெண்ட்ல போட்டிருப்பாங்க, ஆனா போட்டது இதத்தான்னு தெரியாது. "சூப்பர்பொசிஷன்னா ஏதோ ஒண்ணுல இருக்கு, நமக்குத்தான் தெரியல"ன்னு அந்தச் சாதாரண வடிவத்துல ஏன் சொல்ல முடியாதுங்கறதுக்கு முதல் பதிலும் இதுலயே இருக்கு. இதுக்கு எந்த ஃபிலாசஃபியும் தேவைப்படல பாருங்க, கணக்கையும் மேக்னெட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே போதும்.

இன்னொண்ணு, இது இன்னும் பரவலான குழப்பம், அன்சர்டன்ட்டி ப்ரின்சிபிள். புக்ல ப்ரூஃப் ஒண்ணு இருக்கும், அதுக்குக் குடுக்கற விளக்கம் வேற ஒண்ணா இருக்கும், ரெண்டும் ஒரே விஷயத்தப் பத்தினது இல்லன்னு யாரும் சொல்றதில்ல. 1927-ல ஹைசன்பர்க் குடுத்தது காமா கதிர் மைக்ராஸ்கோப் கதை. எலக்ட்ரான் எங்க இருக்குன்னு பாக்கணும்னா அது மேல ஒளி படணும், ஒளி பட்டா அது தள்ளிவிடும், அதனால மொமென்டம், அதாவது உந்தம், கலைஞ்சிடும். அது ஒரு தோராயமான வாதம். அதே 1927-ல கென்னார்ட் நிரூபிச்சது வேற. ஒரே மாதிரி தயார் பண்ணின நிறைய துகள்கள எடுத்துக்கோங்க, பாதிக்கு பொசிஷன மட்டும் அளங்க, மீதிக்கு மொமென்டத்த மட்டும் அளங்க, ரெண்டு லிஸ்ட்டோட ஸ்டாண்டர்ட் டீவியேஷனையும் பெருக்குங்க, அது எச்-பார்ல (ப்ளாங்க் மாறிலிய 2π-ஆல வகுத்தது) பாதிக்குக் கீழ போகாது. இதுல ஒரு துகள ரெண்டு தடவ அளக்கறதே இல்ல, எதையும் எதுவும் தள்ளிவிடல, ஸ்டேட்டுக்குள்ளயே இருக்கற பரவல் அது. நீங்க எக்ஸாம்ல ஷ்வார்ட்ஸ் இன்ஈக்வாலிட்டி போட்டு டெரைவ் பண்றது இந்தக் கென்னார்ட் வகை. அதுக்கு அடியில விளக்கம்னு எழுதறது மைக்ராஸ்கோப். கணக்கு ஒண்ணு, கதை வேற ஒண்ணு. அப்போ அளக்கறதால கலையறது பத்தி நிஜமா என்ன விதின்னு கேட்டா, 2003-ல ஓசாவா அதுக்குத் தனியா ஒரு இன்ஈக்வாலிட்டி குடுத்தார், 2012-ல வியன்னாவுல நியூட்ரான் ஸ்பின் வச்சு அதச் சோதிச்சாங்க, அடுத்த வருஷமே புஷ், லாட்டி, வெர்னர் மூணு பேரும் பிழைங்கறத வேற மாதிரி வரையறுத்தா ஹைசன்பர்க் சொன்ன மாதிரியே ஒரு எல்லை வரும்னு காட்டினாங்க. அதனால கென்னார்ட் சொன்னது நிச்சயம். அளவீட்டுப் பிழைய எப்படி வரையறுக்கறதுங்கறதுல இன்னும் ஒத்த கருத்து இல்ல. இப்படிப் பிரிச்சு சொல்லத் தெரிஞ்சா உங்களுக்கு அந்தப் பாடம் புரிஞ்சிருச்சுன்னு தைரியமா சொல்லலாம்.

சரி, விடை சரியா வந்துட்டா அர்த்தமும் சரியாத்தானே இருக்கும்னு தோணும். அப்படி இல்லங்கறதுக்கு ஸ்டெர்ன்-கெர்லாக் கதைய விட நல்ல சாட்சி எனக்குத் தெரியல. 1922 பிப்ரவரில ஃப்ராங்ஃபர்ட்ல சில்வர் ஆட்டம் பீம காந்தப்புலத்துக்குள்ள விட்டு ரெண்டா பிரியறதப் பாத்தாங்க. போர்-சாமர்ஃபெல்ட் பழைய க்வாண்டம் தியரி ரெண்டா பிரியும்னுதான் சொல்லியிருந்துச்சு, ஆர்பிட்டல் ஆங்குலர் மொமென்டம் 1, நடுவுல இருக்கற ஜீரோ வராதுன்னு ஒரு தனி விதி, அதனால ரெண்டு. காந்தத் திருப்புத்திறன் அளவும் ஒரு போர் மேக்னடான் (ஆட்டம் அளவுல காந்தத் திருப்புத்திறனுக்கான அலகு), சோதனையோட சுமார் 10 சதவீதத்துக்குள்ள ஒத்துப்போச்சு. கெர்லாக் அந்தப் படத்த ஒரு போஸ்ட் கார்டுல வச்சு, உங்க தியரி உறுதியாயிடுச்சுன்னு நீல்ஸ் போருக்கே வாழ்த்து அனுப்பினார். ஆனா சில்வர் ஆட்டத்தோட கீழ்மட்ட ஸ்டேட்ல ஆர்பிட்டல் ஆங்குலர் மொமென்டம் ஜீரோ. அந்தப் பிரிவுக்குக் காரணம் எலக்ட்ரான் ஸ்பின், அத ஊலன்பெக்கும் கௌட்ஸ்மித்தும் சொன்னதே 1925-ல தான். ஸ்பின் அரை, ஜி-ஃபாக்டர் (ஸ்பினையும் காந்தத் திருப்புத்திறனையும் இணைக்கற எண்) கிட்டத்தட்ட 2, பெருக்கினா 1, அதனால தப்பான தியரியோட நம்பரும் சரியான தியரியோட நம்பரும் ஒண்ணாவே வந்து நின்னுச்சு. சோதனை அருமை, கணக்கும் பொருந்துச்சு, அர்த்தம் மட்டும் முழுசா வேற. விடை பொருந்திடுச்சுன்னு அங்கயே நின்னிருந்தா ஸ்பின் அந்தப் படத்துக்குள்ளயே ஒளிஞ்சிருந்திருக்கும்.

இன்னொரு பக்கம், கணக்கு முன்னாடி போய் அர்த்தம் பின்னாடி ஓடி வந்ததும் உண்டு, க்வாண்டம் மெக்கானிக்ஸே அப்படி வந்ததுதான். 1926 ஆரம்பத்துல ஷ்ரோடிங்கர் ஈக்வேஷன் வந்துச்சு, ஹைட்ரஜனோட எனர்ஜி லெவல் எல்லாம் அச்சு அசலா வந்துச்சு, ஆனா அதுல வேவ் ஃபங்ஷனக் குறிக்கற அந்த சைங்கறது என்னன்னு எழுதினவருக்கே தெளிவு இல்ல, எலக்ட்ரானோட சார்ஜ் இடம் முழுக்க பரவிக் கிடக்குதுன்னு எடுத்துக்கப் பாத்தார். அதே வருஷம் மேக்ஸ் போர்ன் துகள் மோதல் கணக்கு ஒண்ண போடும்போதுதான் அது ப்ராபபிலிட்டி சம்பந்தப்பட்டதுன்னு எழுதினார், அதுலயும் மெயின் வரியில அந்த எண்ணையே ப்ராபபிலிட்டின்னு சொல்லிட்டு, ப்ரூஃப் பாக்கும்போது அடிக்குறிப்புல அதோட வர்க்கம்னு சேத்தார். இன்னிக்கு நீங்க ஒவ்வொரு ப்ராப்ளத்துலயும் போடற மாட் ஸ்கொயர் ஒரு அடிக்குறிப்புல இருந்து வந்தது. அதுக்கு 1954-ல நோபல் பரிசு. இத நான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்லுவேன், ஏன்னா அந்த அர்த்தம் உக்காந்து யோசிச்சு மட்டும் வரல, ஸ்கேட்டரிங் கணக்க கடைசி வரைக்கும் போட்டுப் பாத்து, இங்க வர்ற எண் எதோட ஒப்பிடக்கூடியதுன்னு கேட்டதுல வந்துச்சு. கணக்க விட்டுட்டு அர்த்தத்த மட்டும் தேடிப் போறவங்களுக்குக் கிடைக்காதது இதுதான்.

ரிலேட்டிவிட்டிய ரொம்ப நீட்டல. ஓடறவரோட இடம், நேரத்த நிக்கறவரோடதா மாத்தற ட்ரான்ஸ்ஃபர்மேஷன் ஈக்வேஷன்கள லோரன்ட்ஸ் 1904-லயே எழுதிட்டார், ஐன்ஸ்டீன் 1905-ல எழுதினதும் அதே சமன்பாடுகள்தான். லோரன்ட்ஸுக்கு அதுல வர்ற இன்னொரு நேரம் கணக்கு வசதிக்கான ஒண்ணு, ஐன்ஸ்டீனுக்கு ஓடற கடிகாரம் நிஜமா காட்டற நேரம். ஈக்வேஷன் அதே, ஆனா அடுத்து எங்க போகலாம்ங்கற வழி மாறிடுச்சு.

இதையெல்லாம் படிச்சுட்டு அப்போ அர்த்தம்தான் பெருசு, கணக்கு சின்னதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. வானியற்பியலாளர் சந்திரசேகருக்கு நடந்தத நினைச்சுப் பாருங்க. நம்ம சென்னை ப்ரெசிடென்சி காலேஜ்ல படிச்சுட்டு 1930-ல இங்கிலாந்துக்குக் கப்பல்ல போகும்போது, 19 வயசுல, எரிபொருள் தீந்து சுருங்கின வெள்ளைக் குள்ள நட்சத்திரத்துக்குள்ள எலக்ட்ரான்கள் ஒளி வேகத்துக்குப் பக்கத்துல ஓடுமே, ரிலேட்டிவிட்டியையும் சேத்துக் கணக்குப் போட்டா என்ன ஆகும்னு போட்டுப் பாத்தார். ஒரு எல்லைக்கு மேல நிறை இருந்தா அந்த நட்சத்திரம் தாங்காதுன்னு வந்துச்சு, இன்னிக்குக் கணக்குல சூரியன மாதிரி சுமார் 1.4 மடங்கு. 1935 ஜனவரில லண்டன்ல ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டி கூட்டத்துல அவர் பேசி முடிச்ச உடனே எடிங்டன் எழுந்து, ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமா நடந்துக்காம தடுக்க இயற்கையில ஒரு விதி இருக்கணும்னு சொன்னார். எடிங்டன் சாதாரண ஆள் இல்ல, ஜெனரல் ரிலேட்டிவிட்டிய இங்கிலீஷ் உலகத்துக்குப் புரிய வச்சவர்ல முதன்மையானவர். இருந்தும் தனக்குப் பிடிச்ச இயற்கைச் சித்திரத்துக்காக நேரா வந்த கணக்க ஒதுக்கினார். சந்திரசேகர் போட்டது சரி, 1983-ல நோபல் வந்துச்சு. ஆழமா யோசிக்கறேன்னு நினைச்சுக்கிட்டு கணக்கு சொல்றதக் கேக்காம இருக்கறதும் ஆபத்துதான், அதுவும் பெரிய ஆளுங்களுக்கு ரொம்பவே வர்ற ஆபத்து.

இப்போ அந்த "வாய மூடிட்டு கணக்கப் போடு" விஷயம். இத ஃபைன்மன் சொன்னதா நிறைய பேர் போடறாங்க, ஆனா 1989-ல எழுத்துல வச்சது டேவிட் மெர்மின், அதுவும் அந்தப் பழக்கத்தப் பாராட்டி எழுதல. அந்த மனப்பான்மைக்கு நியாயமே இல்லன்னும் சொல்ல மாட்டேன். ஒளியும் எலக்ட்ரானும் எப்படி ஒண்ண ஒண்ணு பாதிக்குதுன்னு சொல்ற க்வாண்டம் எலக்ட்ரோடைனமிக்ஸ எடுத்துக்கோங்க. நடுவுல முடிவிலி வரும், அத ரீநார்மலைசேஷன்னு ஒரு முறைல கழிச்சு விட்டுட்டு மேல போவாங்க, டிராக் கடைசி வரைக்கும் இத ஏத்துக்கல. ஆனா அப்படிக் கழிச்சுத்தான் 1948-ல ஷ்விங்கர் எலக்ட்ரானோட காந்தத் திருப்புத்திறன் திருத்தம் சுமார் 0.00116-ன்னு சொன்னார், அது சோதனையோட பொருந்துச்சு, இன்னிக்கு இன்னும் நுட்பமா போட்ட கணக்குல மொத்தக் காந்தத் திருப்புத்திறனும் பத்து இலக்கத்துக்கும் மேல பொருந்தி நிக்குது. அர்த்தம் தெளிவாகற வரைக்கும் கை வைக்க மாட்டேன்னு அவங்க உக்காந்திருந்தா இது எதுவும் வந்திருக்காது. 1970-கள்ல கென்னத் வில்சன் வந்துதான், நீங்க பாக்கற தூர அளவு மாற மாற தியரியோட எண்களும் மாறும், நமக்குத் தெரியாத ரொம்ப சின்ன தூரத்து விவரம் பெரிய தூரத்துல சில எண்களுக்குள்ள அடங்கிடும்னு அந்தக் கழித்தலுக்கு ஒரு நல்ல அர்த்தம் கிடைச்சுது, அவருக்கு நோபல் 1982. நடுவுல இருபது வருஷத்துக்கு மேல கணக்கு மட்டும்தான் கை குடுத்துச்சு.

ஆனா அதே மனப்பான்மை இன்னொரு இடத்துல எவ்ளோ நஷ்டம் பண்ணுச்சுன்னும் பாக்கணும். 1932-ல வான் நாய்மன் தன்னோட புத்தகத்துல மறைமாறிகள், அதாவது அளவீட்டு விடைய முன்னாடியே தீர்மானிச்சு வச்சிருக்கற நமக்குத் தெரியாத மதிப்புகள் (ஹிட்டன் வேரியபிள்ஸ்), வச்சு க்வாண்டம் விடைகளக் கொண்டுவரவே முடியாதுன்னு ஒரு ப்ரூஃப் குடுத்தார். கணக்குல தப்பு இல்ல. அதுல வச்ச ஒரு அனுமானம், ஒண்ணா அளக்க முடியாத அளவுகளுக்கும் சராசரிகள் கூட்டலாவே போகும்ங்கறது, மறைமாறிகளுக்கு ஏன் பொருந்தணும்னு 1935-ல க்ரேட்டே ஹெர்மன் கேட்டாங்க. யாரும் கண்டுக்கல. 1952-ல டேவிட் போம், முடியாதுன்னு சொன்ன அதே தியரிய நிஜமாவே எழுதிக் காட்டினார், அப்பவும் பெருசா அசையல. செர்ன்ல துகள் இயற்பியல் வேலை பாத்துக்கிட்டிருந்த ஜான் பெல்தான் இத விடாம பிடிச்சார். 1935-ல ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் கேட்ட கேள்வி, தூரமா இருக்கற துகள்கள்ல மதிப்புகள் முன்னாடியே எழுதி வச்ச மாதிரி இருக்கான்னு, அத 1964-ல அளந்து பாக்கக்கூடிய ஒரு இன்ஈக்வாலிட்டியா மாத்தினார். அத கொஞ்சம் மாத்தி லேப்புக்கு ஏத்த மாதிரி எழுதின வடிவத்துல, அங்கங்கயே மதிப்பு இருந்தா நாலு கோரிலேஷன, அதாவது ரெண்டு பக்க விடைகளும் எவ்ளோ ஒத்துப்போகுதுங்கற எண்கள, சேத்த ஒரு கூட்டுத்தொகை 2-ஐத் தாண்டக் கூடாது, க்வாண்டம் மெக்கானிக்ஸ் சுமார் 2.83 வரைக்கும் போகும்ங்குது. 1972-ல ஃப்ரீட்மன், க்ளாசர், 1982-ல ஆஸ்பே, 2015-ல டெல்ஃப்ட்ல 1.3 கிலோமீட்டர் இடைவெளியில, எல்லாமே க்வாண்டம் பக்கம் நின்னுச்சு, 2022-ல க்ளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூணு பேருக்கும் நோபல். அர்த்தம் பத்தின கேள்வின்னு ஒதுக்கி வச்சது இன்னிக்கு க்வாண்டம் கிரிப்டோகிராஃபி வரைக்கும் வந்திருக்கு. பெல் பண்ணினதுல எனக்குப் பிடிச்சது, அவர் அந்தக் கேள்விய நம்பர் வர்ற வரைக்கும் விடல.

இதுல எது நிச்சயம்னா, பெல் வச்ச அனுமானங்கள் எல்லாம் சேந்து உண்மையா இருக்க முடியாதுங்கறது நிச்சயம். எத விடணும்ங்கறது நிச்சயம் இல்ல. போம் வழில போனா தூரத்துல இருக்கறது உடனே பாதிக்கும்னு ஏத்துக்கணும், 1957-ல எவரெட் சொன்ன, பல உலகம்னு பேர் வாங்கின வழில போனா அளவீட்டுக்கு ஒரே விடைதான்ங்கறத விடணும், போரும் ஹைசன்பர்க்கும் சொன்ன கோபன்ஹேகன் வழில போனா அளக்காத மதிப்பப் பத்திப் பேசறதையே நிறுத்தணும். பாடத்துல வர்ற சோதனைகளுக்கு எல்லாமே ஒரே நம்பர்தான் தரும், அதனால நம்பர் வச்சு ஒண்ண ஜெயிக்க வைக்க முடியாது. 1986-ல கிரார்டி, ரிமினி, வெபர் குடுத்த மாதிரி, வேவ் ஃபங்ஷன் தானாவே சுருங்குதுன்னு சொல்ற மாடல்கள் கொஞ்சம் வித்தியாசமான நம்பர் தரும், அதச் சோதிக்கற வேலை நடக்குது. என் கருத்தக் கேட்டா, கணக்கு ஒத்துப்போற இடத்துல ஒரு கட்சியில சேந்து சண்டை போடறத விட, சோதிக்கக்கூடிய வித்தியாசம் எங்க இருக்குன்னு தேடறது உருப்படியான வேலை. இது என் சாய்வு, வேற நல்ல ஃபிசிசிஸ்டுகள் இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க.

உங்க நேரத்துக்கு வர்றேன். இப்போ நெட், கேட், ஜெஸ்ட் மாதிரி தகுதி, நுழைவுத் தேர்வுகள் எல்லாம் கணக்க மட்டும்தான் கேக்கும், அத சின்னதா நினைக்காதீங்க, கை பழகாம மேல படிக்கவே முடியாது. ஆனா ஒவ்வொரு ப்ராப்ளத்துலயும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் நேரம் விடுங்க. இன்டக்ரல் எழுதறதுக்கு முன்னாடி விடை எந்தப் பக்கம் போகும்னு ஒரு வரி எழுதுங்க, தடுப்போட உயரம் கூடினா ட்ரான்ஸ்மிஷன் கூடுமா குறையுமா, எச்-பார ஜீரோ ஆக்கினா என்ன ஆகணும், அப்படி. போட்டு முடிச்சதும் இந்த எண்ண எந்தக் கருவில எப்படிப் பாப்பாங்கன்னு ஒரு வரி. எழுத முடியலன்னா அந்த இடத்துலதான் உங்களுக்கு முதலாவது வகை அர்த்தம் விட்டுப்போயிருக்கு, அதத் தேடிப் போங்க, வாத்தியார்கிட்டயும் அப்படிக் கேளுங்க. "வேவ் ஃபங்ஷன்னா என்ன சார்"ன்னு கேட்டா யாருமே தடுமாறுவாங்க, "இந்த ரெண்டு ஸ்டேட்டுக்கும் வித்தியாசம் காட்டற சோதனை எது சார்"ன்னு கேட்டா நல்ல வாத்தியார் உக்கார வச்சு சொல்லிக் குடுப்பார். சூப்பர்பொசிஷனையும் கலவையையும் ஒரே மாதிரி எழுதற டென்சிட்டி மேட்ரிக்ஸ் உங்க சிலபஸ்ல கடைசி யூனிட்ல இருந்தா காத்திருக்காம இப்பவே படிங்க, மேல சொன்ன ரெண்டு பீம் விஷயம் அதுல ஒரு வரில தெரிஞ்சிடும். எந்த இன்டர்ப்ரெட்டேஷன் சரிங்கற புத்தகங்கள லீவுல படிங்க, அது தப்பில்ல, ஆனா ஸ்பின் அரைக் கணக்கு கைல வந்த அப்புறம் படிங்க, இல்லன்னா யார் அழகா எழுதறாங்களோ அவங்க பக்கம் சாஞ்சிடுவீங்க.

இந்த வாரம் ஒண்ணு செஞ்சு பாருங்க. ரெண்டு ஸ்பின் சேந்து மொத்த ஸ்பின் ஜீரோ ஆகற சிங்க்லெட் ஸ்டேட்ட எழுதி, ஒரு பக்கம் 0, 90 டிகிரி, இன்னொரு பக்கம் 45, 135 டிகிரின்னு வச்சு நாலு கோரிலேஷனையும் கணக்குப் போடுங்க, ஒவ்வொண்ணும் கோண வித்தியாசத்தோட கொசைன், முன்னாடி ஒரு மைனஸ். அதுல 0-வும் 135-ம் சேந்தது மட்டும் வேற குறியில வரும், அத மட்டும் கழிச்சு மீதி மூணையும் கூட்டி, மைனஸ விட்டுட்டு அளவ மட்டும் பாருங்க, 2.83 வரும். அடுத்து, ஒவ்வொரு துகளும் நாலு கேள்விக்கும் பதில முன்னாடியே பிளஸ் 1 இல்ல மைனஸ் 1-ன்னு வச்சிருந்தா அதே கூட்டல் எவ்ளோ வரலாம்னு பதினாறு வகையையும் எழுதிப் பாருங்க. ரெண்டுக்கு மேல ஒண்ணாவது வருதான்னு தேடிட்டு, எங்க சிக்கினீங்களோ அதக் கீழ எழுதுங்க, அங்கேருந்து பேசலாம்.